அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நாய்? குட்டி வாங்கும் முன் சில கேள்விகள்

(கோம்பையில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



கோம்பைக்கு வந்து நாயைப் பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதைதான். தன் பேரையே ஒரு நாய் இனத்துக்குக் கொடுத்த ஊர் இது. அதனால் நாய் வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சென்னை, கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போய், மூணாவது மாடியிலோ எட்டாவது மாடியிலோ குடியிருக்கிற நம்ம பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பேச்சு. இதைப் படிக்கிற நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ரெண்டு பேச்சுப் பேசுகிறார்கள். ஒன்று, "ஊருக்குப் போறப்ப ஒரு கோம்பைக் குட்டி தூக்கிட்டு வந்துரணும்." இன்னொன்று, "ஃப்ளாட்டுதானே, சின்ன நாயா ஒண்ணு வாங்கிட்டா பிரச்சினை இல்லை." ரெண்டுமே ஆசையில் சொல்வது. வாங்கும் முன்னால் ரெண்டையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கோம்பை நாய் மாடி வீட்டுக்கு வந்தால்

செவலை உடம்பு, கருத்த வாய், கட்டான உடல், சட்டென்று நிமிரும் காது. கோம்பை நாயை நம் பக்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அடையாளம் சொல்லும். அந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டக் காவலுக்கும், ஆடு மாடு காவலுக்கும் வளர்த்த இனம். 2020 ஆகஸ்டில் பிரதமரின் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரும் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு வெளியூர்க்காரர்களும் இந்தப் பெயரைக் கேட்டு விசாரிக்க ஆரம்பித்தார்கள். நமக்குப் பெருமைதான்.

ஆனால் அந்த நாய்க்குத் தலைமுறை தலைமுறையாக நாம் கொடுத்த வேலை என்ன? தெரிந்த முகத்தை விடு, தெரியாத முகத்தைத் தடு. தோட்டத்தில் ஒரு நாளைக்கு நாலு புது ஆள் வந்தாலே அதிகம். அடுக்குமாடியில் காலையில் பால், பேப்பர், குப்பை எடுப்பவர், தண்ணீர் கேன், டெலிவரிப் பையன், பக்கத்து வீட்டு விருந்தாளி. லிஃப்ட் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள். நாய் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, குலைக்கிறது. நமக்கு அது தொந்தரவாகி, சங்க வாட்ஸ்அப் குழுவில் புகாராக வந்து நிற்கிறது.

என் உறவுக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரு குட்டியை ஊரிலிருந்து கொண்டுபோனார். புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கப் பால்கனியில் கட்டிக் கிடந்தது. ஆறே மாதத்தில் திரும்ப ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு ஊரில் தோட்டம் இருந்தது, பிழைத்தது. தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? தெருவில் விடுகிறார்கள். கழுத்தில் பட்டையோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிற நாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னிக்கும் இதே கதைதான். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். அவ்வளவு பெருமை உள்ள நாய்தான். ஆனாலும் ஓட இடமும், ஓடவிட நேரமும் இல்லாதவர் வீட்டில் அதற்கு நிம்மதி கிடையாது. நாட்டினத்தை ஆதரிக்க விரும்பினால் ஊர் வீட்டில், தோட்டத்தில், பழக்கம் உள்ள பெரியவர்களிடம் வளரட்டும். அதன் தீவனச் செலவையும் தடுப்பூசிச் செலவையும் நீங்கள் பட்டணத்திலிருந்து ஏற்றுக்கொள்ளலாமே.

சின்ன நாய் என்றால் சின்ன வேலையா?

உடம்பு சின்னதாக இருப்பதில் சில வசதிகள் உண்டு. அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு படியிறங்கலாம். கயிற்றை இழுத்து வயதானவர்களைக் கீழே தள்ளாது. சாப்பாட்டுச் செலவு குறைவு. ஆனால் குலைப்பு, முடி, நோய், தனிமை இதெல்லாம் உடம்பின் அளவைப் பார்த்து வருவதில்லை. அந்த இனத்தை எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்பதைப் பார்த்தால்தான் அது புரியும். நம் ஊரில் அதிகம் விற்கிற சிலவற்றைப் பார்ப்போம்.

பக்: 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே போகுமே, அந்த நாய். 'ஹட்ச் நாய்' என்றே இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். சாதுவானது, அதிகம் குலைக்காது, குழந்தைகளோடு ஒட்டும். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தட்டை மூக்குள்ள பக்குக்கு அந்த மூச்சே சிரமம். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நடத்தினாலே ஆபத்தாகிவிடலாம். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு இல்லாத, மேற்கு வெயில் விழுகிற மொட்டைமாடி வீடு என்றால் பக் வேண்டாம். ஷிட்ஸுவுக்கும் மூக்கு குட்டைதான், கூடவே நீள முடி. தினமும் சீவ வேண்டும், அடிக்கடி வெட்டிவிட வேண்டும்.

இண்டியன் ஸ்பிட்ஸ்: 'பொமரேனியன்' என்று நம் ஊரில் வாங்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இதுதான். நம் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகிவிட்ட இனம், புத்திசாலி. குறை ஒன்றுதான்: சின்னச் சத்தத்துக்கும் குலைக்கும். குட்டியிலேயே பழக்கினால் குறைக்கலாம், முழுசாக நிறுத்த முடியாது. சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஷ்ஹண்ட்: நீள உடம்பு, குட்டைக் கால். வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மனியில் உருவாக்கியது. முதுகெலும்பு நீளம் என்பதால் படி ஏறி இறங்குவதும் சோபாவிலிருந்து குதிப்பதும் தண்டுவட வட்டைப் பாதிக்கும். பின்னங்கால் செயலிழக்கவும் கூடும். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி என்றால் தினமும் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாரா என்று யோசியுங்கள்.

பீகிள்: பார்க்கச் சின்னது, அழகு. முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்ட இனம். மோப்பம் பிடித்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும், தனியாக விட்டால் ஊளையிடும், செருப்பைக் கடிக்கும். தினமும் ஒரு மணி நேரமாவது நடக்கவும் ஓடவும் செய்ய முடிகிறவர்களுக்கு மட்டும்.

நாட்டு நாய்: தெருவில் பிறக்கிற நம்ம நாய். குட்டை முடி, வெயில் தாங்கும், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்குவதால் வருகிற நோய்த் தொல்லை குறைவு. சின்ன நாய் இல்லைதான். ஆனால் காலையும் மாலையும் நன்றாக நடந்துவிட்டால் பகலில் ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். குட்டிதான் வேண்டும் என்று இல்லாமல் வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் இன்னொரு லாபம்: அதிகம் குலைக்குமா, குழந்தையோடு எப்படி, தனியாக இருக்குமா என்பது முன்பே தெரிந்துவிடும். சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் விசாரிக்கலாம்.

உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பதை விட, ஒரு நாளில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள். பத்து மணி நேரம் ஆளே இல்லாத வீட்டுக்கு எந்த இனமும் பொருந்தாது. குட்டியாக இருக்கும்போது ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போக வேண்டும்.

அடுத்து, காலையில் யார் நடத்துவது? "நான் பாத்துக்கிறேன்மா" என்று பிள்ளை சொல்லும். தேர்வு வந்தால் அந்த வேலை அம்மா தலையில்தான் விழும். ஒரு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அதற்குள் வேலைக்கே போயிருக்கும்.

மூன்றாவது, தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும்? நான்காவது, வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசிவிட்டீர்களா? வாயால் சொன்னதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்வது நல்லது.

சட்டமும் சேவைகளும்

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017 இதைச் சொல்கிறது. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். முடிந்தால் தாய் நாயை நேரில் பாருங்கள். போட்டோவை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கும். பிறகு மருத்துவர் சொல்கிற இடைவெளியில் ஊக்கத் தவணை, அப்புறம் வருடா வருடம். அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த நாட்களை ஒட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும்.

வீட்டு நாயே கடித்தாலும், லேசாகக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். வெறிநோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று, போட்டோ ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. அரிசி அளவுள்ள அந்தச் சிப்பைத் தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைப்பார்கள். நாய் காணாமல் போனால் உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். வேண்டுமென்றே தெருவில் விட்டாலும் கண்டுபிடிக்கலாம். வேறு ஊர்களில் இருப்பவர்கள் அந்தந்த மாநகராட்சி, நகராட்சியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்புச் சங்கங்களுக்கும் ஒரு செய்தி. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது. 'சின்ன நாய்க்கு அனுமதி, பெரிய நாய்க்கு இல்லை' என்று பிரிக்கவும் முடியாது. அதே வழிகாட்டுதல் வளர்ப்பவருக்கும் பொறுப்புச் சொல்கிறது: பொது இடத்தில் கயிற்றோடு கூட்டிப்போக வேண்டும், சுத்தத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். கையில் ஒரு பழைய பேப்பரும் பையும் இருந்தால் பாதிச் சண்டை வராது.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். எப்போதும் கட்டியே வைத்திருக்கிற, அடைத்தே வைத்திருக்கிற நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவது குற்றம். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் குற்றம். பால்கனியில் கட்டிப்போடுவது வளர்ப்பு ஆகாது.

கடைசியாக ஒரு வேலை

குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பத்து நாள் ஒன்று செய்து பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ராத்திரி வேலை முடிந்து எவ்வளவு அலுப்பாக வந்தாலும் மறுபடி ஒரு அரை மணி நேரம். மழை பெய்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் விடாதீர்கள். வீட்டில் யார் யார் நாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களோ, அவர்களையும் முறை வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

பத்து நாளும் நடந்துவிட்டால், மேலே சொன்னவற்றில் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுங்கள். நாலாவது நாளே நின்றுவிட்டால் நாய் இப்போது வேண்டாம். ஊருக்கு வரும்போது நம்ம கோம்பை நாய்களைத் தோட்டத்திலேயே பார்த்துக் கொஞ்சிவிட்டுப் போங்கள். அதற்கும் அதுதான் பிடிக்கும்.