பிறர் மதம் மேற்கொண்டு களைதல்: இடைக்கால மெய்யியலும் இன்றைய நாமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இடைக்காலக் கத்தோலிக்க மெய்யியல் இன்றைய உலகுக்கு வேண்டுமா என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கிறேன். இத்தலைப்பைக் கேட்ட அளவிலேயே மூன்று மறுப்புகள் எழக்கூடும். இலண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கிய ஊர் இந்த நெய்யூர். இங்கே, அதுவும் கவிஞர்கள் கூடிய அவையில், உரோமைத் திருச்சபையின் பழைய தத்துவத்திற்கு என்ன வேலை என்பது முதல் மறுப்பு. நிலவுலகை நடுவில் வைத்துக் கோள்கள் சுழல்வதாக நம்பிய காலத்தின் சிந்தனை, அறிவியல் வளர்ந்த இக்காலத்திற்கு எப்படிப் பொருந்தும் என்பது இரண்டாவது. மாற்றுக் கருத்துடையோரைத் தண்டித்த காலத்திடம் நாம் கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் வலிமையுடையனவே. என் கருத்தைச் சொல்லுமுன் இவற்றைச் சொல்லிவிடுவதுதான் முறை. அம்முறையைப் பற்றியதே இவ்வுரையும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்க்குரிய கடமைகளுள் ஒன்று பொது வாதம் நடத்துவது. ஆசிரியர் ஒரு வினாவை முன்வைப்பார். அவையில் உள்ளோர் தடைகளை எழுப்புவர். அவருடைய மாணாக்கர் ஒருவர் அவற்றுக்கு விடை சொல்ல முயல்வார். பின்னொரு நாளில் ஆசிரியர் தம் முடிபைக் கூறி, எழுந்த தடைகளுக்கு ஒவ்வொன்றாக விடையிறுப்பார். கிறித்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் இன்னொரு வகை வாதமும் உண்டு; அப்போது யாரும் எதைப் பற்றியும் கேட்கலாம்.

தாமஸ் அக்வினாஸ் (1225–1274) எழுதிய இறையியல் தொகைநூல் இந்த வாத மேடையின் எழுத்து வடிவம் எனலாம். அதில் 512 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறு வினாக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சிறு வினாவிலும் எதிர்தரப்பின் வாதங்களே முதலில் நிற்கின்றன. கடவுள் உண்டா என்னும் வினாவை அவர் எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமாயின் உலகில் தீமை இருக்க இடமில்லை. ஆனால் தீமை இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை. இது முதல் தடை. உலக நிகழ்ச்சிகளை இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்கிவிடலாம். கடவுள் என்னும் காரணம் மிகை. இது இரண்டாவது தடை. இன்றைய நாத்திகர் ஒருவர் இவற்றைவிடச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் தம் வழக்கை எடுத்துரைப்பது அரிது. துறவி ஒருவர், தம் வாழ்வு முழுவதும் எதன்மேல் நிற்கிறதோ அதையே அசைக்கும் வாதத்தைத் தம் கையாலேயே முதலில் எழுதி வைக்கிறார். அதன் பின்னரே ஐந்து வழிகளில் தம் நிறுவுதலைத் தொடங்குகிறார்.

யாரிடமிருந்து கற்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1270இல் பிரான்சு மன்னன் ஒன்பதாம் லூயி இசுலாமியர்மீது சிலுவைப் போர் தொடுத்துச் சென்று துனிசில் மாண்டான். அதே ஆண்டுகளில் அவன் தலைநகரான பாரிசில் அக்வினாஸ், இப்னு சீனா, இப்னு ருஷ்து என்னும் இசுலாமிய அறிஞர்களையும், மைமோனிடஸ் என்னும் யூத அறிஞரையும் பெயர் சுட்டிப் பயின்றுகொண்டிருந்தார். அறிவு மனிதர் அனைவர்க்கும் ஒன்றே என்ற இப்னு ருஷ்தின் வழிவந்த கொள்கையை மறுத்து 1270இல் தனிநூல் எழுதியபோதும், சமய நம்பிக்கையின் ஆவணங்களைக் காட்டாமல் தத்துவ அறிஞர்களின் வாதங்களைக் கொண்டே மறுத்திருப்பதாக அந்நூலின் இறுதியில் கூறுகிறார். எதிரி ஒப்புக்கொள்ளும் தளத்தில் நின்றே எதிரியோடு வாதிட வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

தமிழ் பயின்றார்க்கு இது புதிதன்று. பாரிசில் இம்முறை வேரூன்றிய காலத்தை ஒட்டியே இங்கு நன்னூல் தோன்றிற்று. நூலுக்குரிய எழுவகை மதங்களைத் தொகுத்துரைக்கும் பவணந்தி முனிவர், பிறர் கொள்கையை முதலில் ஏற்று நிறுத்திப் பின்னர்க் களைவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். பவணந்தியார் சமணர். அவர் கூறிய இம்முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் விரிவாகக் கைக்கொண்டார். அந்நூலின் பரபக்கத்தில் உலகாயதன் மதம் முதலில் வரும். அதன் மறுதலை பின்னே வரும். பௌத்தம், சமணம், மாயாவாதம் என்று வரிசை நீளும். அவற்றையெல்லாம் கடந்த பின்னரே சுபக்கம். இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் தலைவி வஞ்சியில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் கொள்கையைப் பெரிதும் நாம் அறிவது, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் வாயிலாகத்தான். எதிரியின் சொல்லை எழுதி வைத்தவரே அதைக் காத்தவரும் ஆனார்.

இவ்விரு மரபுகளும் நேரே சந்தித்த இடம் மதுரை. 1606இல் அங்கு வந்த உரோமைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்களில் அக்வினாசின் வழிவந்த தத்துவத்தைத் தமிழ் உரைநடையில் வழங்கினார். பின்னர், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். எதிர்தரப்பின் மறைநூலை வரிவரியாகக் கற்றவரின் மறுப்பு அது. அதன் வலிமையும் அக்கல்வியிலிருந்து வந்ததே.

இனி, முதலில் சொன்ன மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்புக்கு இதுவரை கூறியதே விடை. இம்முறை ஒரு சபைக்கு மட்டும் உரிய சொத்தன்று; நம் வீட்டிலும் அது இருந்தது. இரண்டாவதை ஏற்கிறேன், அக்வினாசின் வானியலை இன்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு முடிபுக்கு எதிரான சான்றை முதலில் தேடு என்னும் ஒழுங்கு அறிவியலுக்கும் உரியதே.

மூன்றாவது மறுப்பு எளிதில் கடக்கக்கூடியதன்று. சபை மறுப்பாளர்க்கு மரண தண்டனை தகும் என்று அக்வினாஸ் எழுதினார். பெண் குறைவுற்ற ஆண் என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்தையும் அவர் முற்றாகத் தள்ளவில்லை. பெண்ணாகிய நான் இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. ஆனால், சபை மறுப்பாளரைப் பற்றிய அதே பக்கத்தில், கோதுமையோடு களையும் அறுவடை வரை வளரட்டும் என்ற கிறித்துவின் உவமையைத் தமக்கு எதிரான தடையாக அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்று அப்பக்கத்தைப் படிக்கும் நாம் அவருடைய விடையை விட்டு அந்தத் தடையின் பக்கம் சாய்கிறோம். அதற்கான வழியை நமக்குத் திறந்து வைத்ததும் அவருடைய முறைதான்.

இம்முறைக்கு ஒரு பெரிய எல்லையும் உண்டு. அவைக்குள் வரமுடிந்தவரின் தடை மட்டுமே அங்குக் கேட்கும். பாரிசின் மேடையில் பெண்ணுக்கு இடமில்லை. சாதி வேற்றுமையைச் சமூக வழக்கமென ஏற்றுக்கொண்ட நொபிலி, அதனால் தாழ்த்தப்பட்டவரின் வழக்கை எழுதி வைக்கவில்லை. நம் மாவட்டத்துப் பெண்கள் தோளில் சீலையிடும் உரிமையை எந்தச் சபையின் வாதத்தாலும் பெறவில்லை. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்தது. ஆகவே, எதிர்வழக்கைக் கேட்டால் மட்டும் போதாது. யாருடைய வழக்கு இன்னும் அவைக்கே வரவில்லை என்று கேட்பதும் இன்று இம்முறையோடு நாம் சேர்க்க வேண்டிய பகுதி.

இது நமக்கு ஏட்டளவான செய்தி அன்று. இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள மண்டைக்காட்டில் 1982 மார்ச்சில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன, உயிர்கள் போயின. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் மீனும் தேங்காயும் மாற்றிக்கொண்டவர்கள், ஒருவர் சமயத்தைப் பற்றி மற்றவர் வதந்தியை நம்பும் நிலைக்கு வந்தார்கள். அந்நாளில் இவ்வட்டாரத்திற்கு வந்து அமைதிப் பணி ஆற்றியவர் குன்றக்குடி அடிகளார். சித்தியாரைப் போற்றும் சைவ மரபின் ஆதீனத் தலைவர் அவர். அயலான் நம்புவது என்ன, அஞ்சுவது என்ன என்று அவன் வாயாலேயே கேட்டறியும் பழக்கம் ஊரில் இல்லாவிட்டால், அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். அன்று வாய்வழி பரவிய வதந்தி, இன்று கைப்பேசி வழி நொடியில் பரவுகிறது.

நம் வட்டம் சிறியது. ஊரின் பூசலைத் தீர்க்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் பயிற்சியைத் தொடங்கும் ஆற்றல் உண்டு. பிற்கால மெய்யியல் வாதங்களில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விடை சொல்பவர், எதிரி கூறிய வாதத்தை முதலில் தாமே திருப்பிச் சொல்ல வேண்டும்; பின்னரே அதில் ஏற்பது இது, மறுப்பது இது, வேறுபடுத்திக் கொள்வது இது என்று பிரித்துரைக்க வேண்டும். நம் கவியரங்க விமரிசனத்திலும் இதையே விதியாக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒரு கவிதையைக் குறைகூற எழுபவர், அக்கவிதை சொல்ல முயல்வது என்னவென்று முதலில் தம் சொற்களில் கூறட்டும். "ஆம், நான் கருதியது அதுவே" என்று கவிஞர் ஒப்பிய பின்னர் மறுப்பைத் தொடங்கட்டும். மரபுக் கவிதையாளரும் புதுக்கவிதையாளரும் ஒரே பலகையில் அமரும் இவ்வவையில் இதற்கு வேலை நிறைய உண்டு. இங்கே பழகிய நாக்கு, நாளை ஊர்க்கூட்டத்தில் அயலானின் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் அந்த ஒழுங்கை மறவாது.

பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்திலேயே இதைத் தொடங்குவோம். முதலில் என் உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பின் மறுத்துப் பேசுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.