யக்ஷியும் இயக்கியும்: தகடூர் மரபின் கல்வெட்டுகளில் எழுத்துப்பெயர்ப்பு



தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதை அவையோர் அறிவர். அவ்வூருக்குரிய அதியமான் மரபினர் அளித்த சமணக் கொடைகளுள் சிறந்த ஒன்று தகடூரில் இல்லை. போளூரை அடுத்த திருமலையில் உள்ளது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன், விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான் அங்கு ஒரு திருப்பணி செய்தான். தன் முன்னோனாகிய எழினி செய்துவைத்த இயக்கர், இயக்கியர் திருவுருவங்கள் பழுதுற்றிருந்தன. அவற்றைச் சீர்செய்து மலையில் எழுந்தருளுவித்தான். எறிமணி ஒன்று இட்டான். கடப்பேரிக்குக் காலும் கண்டு கொடுத்தான்.

செய்தி இவ்வளவே. ஆனால் கல்லில் அது மூவகையாகக் கூறப்பட்டுள்ளது: முதலில் தமிழ் உரைநடை, அடுத்து ஒரு வடமொழிச் செய்யுள், இறுதியில் ஒரு தமிழ்ச் செய்யுள். உரைநடைப் பகுதி யக்ஷர், யக்ஷி என்று கிரந்த எழுத்தோடு எழுதுகிறது. தமிழ்ச் செய்யுளோ இயக்கர், இயக்கியர் என்கிறது. ஒரே கல், ஒரே கொடை, ஒரே நாள். சொல்லுக்கு மட்டும் இரண்டு உடை.

வடமொழிச் செய்யுளில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. எழினி என்ற பெயர் அங்கு 'யவனிகா' ஆயிற்று. எழினி என்றால் திரைச்சீலை. யவனிகா என்றாலும் அதுவே. விடுகாதழகிய பெருமாள் 'வ்யாமுக்த ச்ரவணோஜ்ஜ்வலன்' ஆனான். விட்ட காதுகளால் பொலிபவன் என்று பொருள். இவை எழுத்துப்பெயர்ப்பு அல்ல, மொழிபெயர்ப்பு. ஊர்ப்பெயர்களிலோ புலவர் வேறு வழி சென்றார். தகடூர் 'தகடா' ஆகவும், தொண்டை மண்டலம் 'துண்டீர மண்டலம்' ஆகவும் ஒலி திரிந்து நின்றன. எண்குணவிறைத் திருமலை மட்டும் 'அர்ஹஸுகிரி' என்று மீண்டும் பொருளால் பெயர்க்கப்பட்டது. வடமொழிப் பாட்டு மட்டும் எஞ்சி, தமிழ்ப் பகுதிகள் சிதைந்திருந்தால் யவனிகா என்பவன் எழினிதான் என்று யார் கண்டிருப்பார்? அவனை யவன நாட்டான் என்று எழுதிவிடவும் சிலர் துணிந்திருப்பர்! 1890ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதனை வெளியிட்ட ஹூல்ட்ஷ், தமிழ்ப் பகுதிகளை உடன்வைத்தே அப்பெயர்களை அடையாளங்காட்டினார்.

யக்ஷி இயக்கியானது எவ்வாறு? ஏறக்குறைய அதே காலத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விடை கூறுகிறது. வடவெழுத்து தமிழில் திரியும் முறையைப் பதவியலில் அம்முனிவர் வகுத்தார். யகரம் மொழிமுதலாகுங்கால் முன்னே இகரம் வரும். க்ஷகரம் இரு ககரமாகும். ஈற்று ஈகாரம் இகரமாகக் குறுகும். இம்மூன்றும் சேர 'யக்ஷீ' இயக்கியாகிறாள். ஹகரம் ககரமாகும், ரகரத்தின் பின் உகரம் தோன்றும். ஆதலின் அர்ஹன் அருகன். ரிஷபம் இடபமானதும், ரிஷி இருடியானதும் இம்முறையே. தர்மம் தருமமானதும் அவ்வாறே. இன்று மாவட்டப் பெயரைத் தருமபுரி என்று எழுதும் அலுவலகங்கள், அறிந்தோ அறியாமலோ, ஒரு சமண முனிவரின் விதியைக் கடைப்பிடிக்கின்றன.

இதற்கும் நெடுங்காலம் முன்பே அதியர் பெயர் இரு மொழிகளுக்கிடையே பயணம் செய்தது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி வழங்கிய பள்ளியைக் குறிப்பது. அதில் அவனுக்கு 'ஸதியபுதோ' என்ற அடைமொழி உண்டு. அசோகரின் கல்லாணையில் சோழர், பாண்டியரோடு குறிக்கப்பெறும் அதே பெயர். மகன் என்பது மான் என மருவியதென்றும், அதுவே பிராகிருதத்தில் 'புதோ' எனப் பெயர்க்கப்பட்டதென்றும் அறிஞர் கருதுவர். அவ்வாறாயின் பெயரின் முற்பாதி ஒலியாலும் பிற்பாதி பொருளாலும் சென்றதாகும். அக்கல்லைப் பொறித்தவர் பிராகிருதச் சொல்லுக்கென ஸகரத்தை இட்டார். அடுத்த சொல்லிலேயே தமிழுக்குத் திரும்பிவிட்டார்.

தருமபுரியிலேயே கிடைத்த நுளம்பர் காலத் தூண் கல்வெட்டு கன்னடத்தில் அமைந்தது. சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893இல், மகேந்திர நுளம்பன் காலத்தில் வணிக உடன்பிறப்பினர் இருவர் தகடூரில் எடுப்பித்த சமணப் பள்ளியைப் பற்றியது. அவ்விருவருள் இளையவராகக் குறிக்கப்படுபவர் பெயரைப் புள்ளிக்குறி இடாத ஆங்கில எழுத்தில் சில நூல்கள் அச்சிட்டுள்ளன. அவற்றை மட்டும் பார்த்துத் தமிழாக்குவோர் 'சந்தியண்ணன்' என்பதா, 'சண்டியண்ணன்' என்பதா என்று தடுமாறுவர். கன்னட எழுத்தில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை, தமிழிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் புகுந்த ஆங்கில எழுத்தே கொடையாளியின் பெயரைக் கலக்கிற்று. 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதும் இந்த இடர்ப்பாட்டால்தான்.

இது தமிழ்ச் சமணர் இல்லங்களுக்கும் உரிய வினா. ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள ஏடுகளில் தமிழெழுத்தும் கிரந்தமும் கலந்து வரும். கிரந்தம் படிப்போர் குறைந்துவருவதால், ஏடுகளைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதும் பணி நிகழ்கிறது. அப்போது ககரம் ஒன்றே நான்கு வடவெழுத்துகளைச் சுமக்க நேர்கிறது. பாட்டாயின் நன்னூல் வழியே அழகு. இயக்கியை மீண்டும் யக்ஷியாக்கித் தளையைக் கெடுத்தல் தகாது. மந்திரத்துக்கு அது பொருந்தாது. 'ணமோ' என்று தொடங்கும் பிராகிருத மந்திரத்தை, ணகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பதற்காக 'நமோ' என்று அச்சிட்டால் இலக்கணம் நிற்கும். ஓதும் ஒலி மாறும். அங்கு மூல ஒலியைக் காக்கும் எழுத்தே வேண்டும்.

கணினிக்கான ஒருங்குறியில் கிரந்த எழுத்துகள் 2014இல் இடம்பெற்றுவிட்டன. ஆகவே ஏட்டில் உள்ளவாறே ஒரு படி, தமிழெழுத்தில் ஒரு படி, இரண்டுக்கும் அருகில் ஏட்டின் ஒளிப்படம் என வைத்துக்கொள்ள இன்று தடையில்லை. ஏடு வைத்திருக்கும் குடும்பத்தார், முதலில் ஒளிப்படத்தை எடுத்து வைத்தபின் பெயர்த்தெழுதத் தொடங்குவது நலம்.