யார் பெயரில் யார் பணம்?

(மைசூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"பெரிய பணக்காரர்கள் வெளிநாட்டில் பணத்தைப் பதுக்குகிறார்கள் என்கிறார்களே, எப்படிப் பதுக்குகிறார்கள்? அதனால் நமக்கு என்ன நஷ்டம்?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. இன்று அதற்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் நம் கணக்கைப் பார்ப்போம். ஊரார் வீடுகளையெல்லாம் கட்டிக் கொடுக்கும் நம் கொத்தனார், தனக்கென்று சொந்த ஊரில் ஓர் அறை கட்ட நினைத்தால், வாங்கும் ஒவ்வொரு சிமெண்டு மூட்டைக்கும் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு அது 28 சதவிகிதம். குளிக்கிற சோப்புக்கும் பல் துலக்கும் பேஸ்டுக்கும் அதே தேதிவரை 18 சதவிகிதம் கட்டினோம். இப்போது 5 கட்டுகிறோம். மாதச் சம்பளக்காரன் வரி வரம்பைத் தொட்டுவிட்டால், சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கன்னடம் பேசினாலும் தமிழ் பேசினாலும் வரி நம்மைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. நமக்கு ஒளிய இடமில்லை. ஒளிய இடம் இருப்பவர்கள் வேறு.

கடுதாசிக் கம்பெனி

பணத்தை மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றுவதாக எண்ணாதீர்கள். பணம் பெரும்பாலும் நகர்வதே இல்லை; அதன்மேல் எழுதியிருக்கும் பெயர்தான் மாறுகிறது.

கரீபியன் கடலில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் என்று ஓர் இடம் இருக்கிறது. மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டாது. அங்கே பதிவாகியிருக்கும் கம்பெனிகளோ மூன்று லட்சத்துக்கும் அதிகம்! அதே கடலில் கேமன் தீவுகளில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று. அந்த ஒரே விலாசத்தில் 18,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாகியிருந்ததை 2008-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் எடுத்துக்காட்டியது. ஆலை இல்லை, சங்கு இல்லை, ஷிப்டு இல்லை. ஒரு கடுதாசி, ஒரு முத்திரை, ஒரு பெயர். அவ்வளவுதான் கம்பெனி.

இங்கே இருக்கும் முதலாளி அந்தக் கடுதாசிக் கம்பெனியின் பெயரில் சொத்தை வைக்கிறார். கம்பெனியின் பங்குகளை ஒரு டிரஸ்டின் பெயரில் வைக்கிறார். டிரஸ்டை நடத்துபவர் வேறு ஒரு நாட்டு வக்கீல். வருமான வரி அதிகாரி வந்து, "இது உன்னுடையதா?" என்று கேட்டால், "என் பெயரில் எங்கே இருக்கிறது?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அனுபவிப்பது ஒருவர், பெயர் இன்னொருவர். நம் ஊரில் இதற்குப் பினாமி என்று பெயர். அங்கே இதற்குச் சட்டமே துணை நிற்கிறது.

மைசூருக்கு வந்த விமானம்

இது ஏதோ ஏழு கடலுக்கு அப்பால் நடக்கும் கதை அல்ல. 2010-ல் நம் மைசூர் மந்தகள்ளி விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கு கிங்ஃபிஷர் விமானம் பறந்தது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே அது நின்றது. 2012 அக்டோபரில் கம்பெனியே தரையிறங்கியது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரிப் பணத்தையும் கம்பெனி அரசுக்குச் செலுத்தவில்லை என்று வருமான வரித் துறை நடவடிக்கை எடுத்தது.

கம்பெனியின் அதிபர் விஜய் மல்லையாவை நம்பிக் கடன் கொடுத்த பாங்குகள் எவை தெரியுமா? ஸ்டேட் பாங்கு தலைமையில் பல பாங்குகள். அவற்றில் ஒன்று, 1913-ல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் தொடங்கிய நம் மைசூர் பாங்கு. 2017-ல் ஸ்டேட் பாங்கோடு இணையும்வரை ஸ்டேட் பாங்கு ஆஃப் மைசூர் என்று இருந்ததே, அதேதான். இன்னொன்று சென்னையில் பிறந்த இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு. ஆக, இந்த ஊர்க்காரன் சேமிப்பும் அதில் இருந்தது, நாம் விட்டு வந்த ஊரின் சேமிப்பும் அதில் இருந்தது. 2016-ல் வட்டியோடு சேர்த்துப் பாக்கி சுமார் 9,000 கோடி ரூபாய்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் டியாஜியோ என்ற வெளிநாட்டு மதுபானக் கம்பெனியிடமிருந்து மல்லையாவுக்கு நான்கு கோடி டாலர் வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 270 கோடி ரூபாய். சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. இருந்தும் அந்தப் பணம் வெளிநாட்டில் அவருடைய பிள்ளைகளுக்கான டிரஸ்டுகளுக்குப் போனது. மார்ச் 2-ஆம் தேதி அவரும் லண்டனுக்குப் போனார். இது நீதிமன்ற அவமதிப்பு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூலை 11-ல் தண்டனை சொன்னது: நான்கு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம், நான்கு கோடி டாலரையும் வட்டியோடு திருப்ப வேண்டும்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியவருக்கு ரயில்வே சட்டத்தின் 137-வது பிரிவுப்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. நான்கு கோடி டாலருக்கு நான்கு மாதம்! டிக்கெட் இல்லாதவர் அடுத்த ஸ்டேஷனிலேயே பிடிபடுகிறார். மல்லையா 2025-லும் லண்டனில்தான் இருந்தார்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய சொத்துக்களிலிருந்து 14,131 கோடி ரூபாய் பாங்குகளுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று 2024 டிசம்பரில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். வாங்கிய கடனைவிட அதிகமாகவே பிடித்துவிட்டார்கள் என்று மல்லையா வாதிடுகிறார். அந்த வழக்கை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. திரும்பி வந்ததில் பெரும்பகுதி, இந்தியாவில் அவர் தரப்பினர் வைத்திருந்த கம்பெனிப் பங்குகளை விற்று வந்தது. கண்ணுக்குத் தெரிந்த சொத்தை அரசால் பிடிக்க முடிந்தது. பாங்குகளுக்குப் பணம் வந்து சேர்ந்த பிறகும் ஊழியர்களின் சம்பளப் பாக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. உழைத்தவன் வரிசையில் கடைசி ஆள்.

சட்டமே திறந்துவிட்ட கதவு

எல்லாமே சட்டத்துக்கு விரோதமாக நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள்.

மொரீசியஸ் தீவு நமக்குப் புதிதல்ல. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் முன்னோர்கள் கப்பலேறிய தீவு அது. இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். 1982-ல் அந்நாட்டோடு இந்தியா ஒரு வரி ஒப்பந்தம் செய்தது. மொரீசியஸ் கம்பெனியாகப் பதிந்துகொண்டு இந்தியாவில் பங்கு வாங்கி விற்றால், அந்த லாபத்துக்கு இங்கே வரி இல்லை. அங்கேயும் வரி இல்லை! 2000-க்குப் பின் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் சுமார் கால் பங்கு, பன்னிரண்டு லட்சம் பேர் வாழும் அந்தச் சின்னத் தீவின் வழியாகவே வந்தது. 2016-ல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். கூலியாகப் போனவன் வியர்வையைக் கொடுத்தான். முதலீடு என்று வந்தது வரியைக்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்து, நம் கையில் இருந்த செல்போன். 2007-ல் ஹட்ச் கம்பெனியை வோடஃபோன் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கோபுரம் இங்கே, சந்தாதாரர் இங்கே, ரீசார்ஜ் செய்த நாம் இங்கே. ஆனால் விற்பனை நடந்தது கேமன் தீவிலிருந்த ஒரு கடுதாசிக் கம்பெனியின் பங்கில்! சுமார் 11,000 கோடி ரூபாய் வரி கேட்டது வருமான வரித் துறை. அன்றிருந்த சட்டப்படி கேட்க முடியாது என்று 2012 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தை மாற்றியது. 2021-ல் அந்த முன்தேதிக் கோரிக்கைகளையும் கைவிட்டது. இங்கே யாரும் திருடவில்லை என்று நீதிமன்றமே சொல்கிறது. அப்படியானால் திருத்த வேண்டியது சட்டத்தை அல்லவா?

யாருடைய கையெழுத்து?

இனி நான் சொல்லப்போவதை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

2016 ஏப்ரலில் பனாமா நாட்டு வக்கீல் கம்பெனி ஒன்றின் ஒரு கோடியே பதினைந்து லட்சம் ஆவணங்கள் வெளியாயின. அவற்றில் சுமார் 500 இந்தியர்களின் பெயர்கள் இருந்தன. அதையும் பின்னால் வந்த இன்னொரு கசிவையும் ஆராய்ந்து, இந்தியத் தொடர்புள்ள 930 பேரிடமும் கம்பெனிகளிடமும் 20,353 கோடி ரூபாய் கணக்கில் காட்டாத வரவு கண்டுபிடித்ததாக அரசு கூறியது. 2021 அக்டோபர்வரை அதில் வசூலான வரி 153 கோடியே 88 லட்சம்!

அந்த ஆவணங்களில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. பனாமாவில் ஏழைகள் வாழும் பகுதியில் வசித்த ஒரு பெண், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு டைரக்டர்! மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். கோடிகள் கோடீஸ்வரனுக்கு, பெயர் மட்டும் ஏழைக்கு.

நம் நாட்டிலும் 2017-ல் 2.24 லட்சம் கம்பெனிகளை அரசு பதிவேட்டிலிருந்து நீக்கியது. கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். ஆதாரையும் பான் கார்டையும் யாரோ வாங்கிப்போய் அவர் பெயரில் வியாபாரம் பதிந்திருப்பார்கள். வேலை தேடி வெளியூர் வந்தவனிடம்தான் இதை எளிதாகக் கேட்பார்கள். "ஒரு கையெழுத்துதானே, ஐயாயிரம் தருகிறேன்" என்பார்கள். பினாமிச் சட்டப்படி, குற்றம் தெரிந்து பெயர் கொடுத்தவனுக்கும் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டுவரை கடுங்காவல் உண்டு. படிக்கத் தெரியாத காகிதமென்றால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துக் காட்டுகிறோம். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

நாம் கேட்பது

ஒன்று: எந்தக் கம்பெனியானாலும், எந்த டிரஸ்டானாலும், அதன் உண்மையான சொந்தக்காரர் யார் என்பது பொதுமக்கள் பார்க்கும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நம் ரேஷன் கார்டில் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதுவரை எழுதியிருக்கிறதே!

இரண்டு: பொதுத்துறை பாங்கில் பெருங்கடன் கேட்பவர், வெளிநாட்டில் தமக்கும் குடும்பத்துக்கும் உள்ள கம்பெனி, டிரஸ்டு அனைத்தையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மறைத்தால் கடன் ரத்தாக வேண்டும்.

மூன்று: கம்பெனி மூழ்கினால் தொழிலாளியின் சம்பளமும் பி.எஃப். பணமும் முதலில் வெளியே வர வேண்டும்.

இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். நம் கன்னடத் தோழர்களின் சங்கங்களுக்கும் இதைக் கொண்டுபோவோம். மைசூர் பாங்கில் பணம் போட்டவர்கள் அவர்களும்தான். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும் இதைக் காட்டிக் கேளுங்கள்: "இந்தப் பதிவேடு எப்போது வரும்?" பெயரை மறைத்துத்தான் அவர்கள் பணத்தை மறைக்கிறார்கள். பெயர் வெளிவந்தால் பணமும் வெளிவரும்.