புலமைப்பரிசில் பரீட்சையும் தரம் 6 பிள்ளையும்

(நூற்றாண்டு விழாவின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் பற்றிப் பேசும்படி பழைய மாணவிகளான வைத்தியர்கள் எங்களைக் கேட்டிருந்தார்கள். நாங்கள் சிலர் கூடிக் கதைத்து, ஒத்துக்கொண்டவற்றையே இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

பெறுபேறு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. இது 1940களில், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், இலவசக் கல்வியோடும் மத்திய பாடசாலைகளோடும் சேர்ந்து வந்தது. வசதியில்லாத கிராமத்துப் பிள்ளையும் நல்ல பாடசாலையில் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றும் அதற்கு இரண்டு வேலைகள்தான் உண்டு. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது. மற்றது, தரம் 6 இல் வேறு பாடசாலைக்கு அனுமதி பெற்றுக் கொடுப்பது. ஆனால் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் "பிள்ளைக்கு எத்தனை?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி இந்த இரண்டு வேலைகளிலும் சேராது.

ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதற்குத் தோற்றுகிறார்கள். பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள். பரீட்சையின் அமைப்பே அப்படி. பத்து வயதில் அத்தனை பிள்ளைகளும் தோற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

எங்கள் தொழிலிலும் வெட்டுப்புள்ளிகள் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு 140/90 என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு தடவை 142 காட்டினால் உடனே அவரை நோயாளி என்று முடிவு செய்வதில்லை. இன்னொரு நாள் வரச்சொல்லித் திரும்ப அளக்கிறோம். பதற்றம், நித்திரைக் குறைவு, ஓடி வந்த களைப்பு எல்லாம் அளவை மாற்றும் என்று எங்களுக்குத் தெரியும். 200 புள்ளிக்கான பரீட்சையை ஒரேயொரு நாளில் எழுதும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது நாள் இல்லை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே நிற்கும் பிள்ளைக்கும் ஒரு புள்ளி கீழே நிற்கும் பிள்ளைக்கும் இடையே கெட்டித்தனத்தில் வித்தியாசம் இருப்பதாக எந்த அளவுகோலும் காட்டாது.

வயதையும் பாருங்கள். ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளையையே தரம் 1 இல் சேர்க்கிறோம். ஆகவே பெப்ரவரியில் பிறந்தவளும் அடுத்த ஜனவரியில் பிறந்தவளும் ஒரே வகுப்பில் இருந்து ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி. எங்களுக்கு ஒரு வருடம் பெரிதல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு.

பரீட்சை நெருங்கும் மாதங்களில் வயிற்றுவலி, தலையிடி, சத்தி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சோதித்தால் ஒன்றும் இராது. பரீட்சை முடிந்ததும் வலியும் போய்விடும். அது நடிப்பல்ல, உண்மையான வலி. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். படித்தது மனதில் பதிவதற்கும் நித்திரை அவசியம். விடியப்புறம் ஒரு ரியூசன், இரவில் இன்னொன்று என்று நித்திரையைக் குறைத்தால், படித்ததைத்தான் குறைக்கிறோம்.

இனி எங்கள் கல்லூரிக்கு வருவோம். தரம் 6 இல் இரண்டு விதமான பிள்ளைகள் ஒன்றாக அமர்கிறார்கள். ஒருத்தி, ஊர்ப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்து வெட்டுப்புள்ளியோடு வந்தவள். முதல் தவணைப் பரீட்சையில் இருபதாம் பிள்ளையாகிறாள். மற்றவள், இங்கேயே ஆரம்பப் பிரிவில் படித்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவள். தன்னைப் படிப்பு ஓடாத பிள்ளை என்று நம்பிக்கொண்டு வருகிறாள். பாடங்கள் கூடி, பாடத்துக்கொரு ஆசிரியர் வரும் வேளையில் இருவரின் புள்ளிகளும் சரிகின்றன. அந்தச் சரிவை யாரும் கவனிக்காவிட்டால் அது சாதாரண தரம் வரை தொடரும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம்.

முதலாவது, வாசலில் படத்தையும் புள்ளியையும் போட்டுப் பதாகை கட்டுவதை விடுவோம். ஜனவரியில் தரம் 6 பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக வரவேற்போம்.

இரண்டாவது, நூற்றாண்டு நிதியில் தங்கப்பதக்கத்துக்கு ஒதுக்க இருக்கும் பணத்தை, தரம் 6 முதல் 9 வரை பின்தங்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்த பிறகு நடத்தும் வகுப்புக்கும் வாசிப்பு அறைக்கும் கொடுப்போம். உதவிப்பணத்தையும் புள்ளியைப் பார்க்காமல் வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுப்போம்.

மூன்றாவது எங்கள் பொறுப்பு. பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 4 இல் நடந்தால், அடுத்தது தரம் 7 இல்தான். கிட்டப்பார்வை தொடங்குவது பெரும்பாலும் இந்த வயதில். கரும்பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லவும் மாட்டாள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைப்பாள். ஆறு மீற்றர் தூரத்தில் ஓர் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டால் போதும், கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு வருடமும் முதல் தவணையில் தரம் 6 பிள்ளைகள் அனைவரின் கண்களையும் நாங்கள் வந்து பார்க்கிறோம். கண்ணாடிச் செலவைச் சங்கக் கிளைகள் ஏற்கட்டும்.

எங்கள் வகுப்பு புலமைப்பரிசில் எழுதியது 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சித்தியடைந்தவர்களும் இருந்தோம், அடையாதவர்களும் இருந்தோம். இன்று ஸ்காபரோவிலோ ஹரோவிலோ கொழும்பிலோ கூடும்போது அந்தப் புள்ளியை ஒருவரும் கேட்பதில்லை. "நீ வந்து பேசாமல் இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேன்" என்று மட்டும் ஒருத்தி மற்றவளிடம் சொல்கிறாள்.

அடுத்த ஜனவரியில் ஏதோ ஒரு புள்ளியோடு இந்த வாசலுக்குள் வரப்போகும் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடியதும் அதுவே. கண் பரிசோதனைக்கு உதவ விரும்பும் தங்கைமார் இன்றே பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.