கட்டத்துணியில் மடிப்புத் தையல்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலே செல்லும். மற்றது கொஸ்லந்தை, வெல்லவாயை நோக்கிக் கீழே இறங்கும். மூடுபனி கவியும் அந்த மலைச்சரிவுத் தோட்டங்களில், தீபாவளி நெருங்கும்போது தாய்மார் மனத்தில் எழும் கேள்விகள் இரண்டு. பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுப்பது எப்படி? எடுத்த சட்டை அடுத்த தீபாவளிக்குள் சிறுத்துப் போகாதிருக்க வழி என்ன?

குழந்தையின் வளர்ச்சியை நிறுத்துவதற்கில்லை. ஆனால் சட்டையையும் குழந்தையோடு விரியச் செய்யலாம். அதற்கு உதவுவது ஸ்மாக்கிங் எனப்படும் மடிப்புத் தையல்.

இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உழவரும் இடையரும் அணிந்த தளர்ந்த மேலங்கிக்கு ஸ்மாக் என்று பெயர். இலாஸ்டிக் பரவாத அந்நாளில், உழைப்பவன் குனிந்து நிமிரும்போது துணி அவன் உடம்புக்கு இடங்கொடுக்க வேண்டியிருந்தது. ஆதலின் மார்பிலும் தோளிலும் துணியை நெருங்கிய மடிப்புகளாகக் கூட்டி, மேலே தையலிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தையல் வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளின் ஆடைக்கு அணியாயிற்று. உழைப்பாளியின் அங்கியில் வளர்ந்த கலை உழைப்பாளியின் பிள்ளைக்கும் உரியதன்றோ?

இதற்குத் தையல் இயந்திரம் தேவையில்லை. ஊசியும் நூலும் பொறுமையும் போதும். துணியைத் தேர்வதுதான் முதற்படி. பட்டைகளின் அகலம் இடத்துக்கு இடம் மாறுகின்ற ஸ்காத்லாந்துக் கட்டங்கள் அழகியவை. எனினும் புதிதாகத் தைப்பவருக்கு அவை ஏற்றவையல்ல. வெள்ளையும் ஒரு நிறமும் மாறிமாறி வரும், அரைக்கால் அங்குலச் சதுரமுடைய பருத்தித் துணியே உகந்தது. வெறுந்துணியானால், மடிப்பு விழ வேண்டிய இடங்களையெல்லாம் அளந்து புள்ளியிடுதல் வேண்டும். புள்ளி பிசகினால் மடிப்புக் கோணும். கட்டத்துணியிலோ நெசவே அந்த அளவைத் தந்துவிடுகின்றது.

துணியை முன்னரே நனைத்து உலர்த்திக்கொள்வது நன்று. சாயம் போவதும் துணி சுருங்குவதும் தைத்த பின்னர்த் தெரிந்து பயனில்லை. மார்புப் பகுதி முடிவில் 9 அங்குலம் வர வேண்டுமாயின், அதன் மும்மடங்கு, அதாவது 27 அங்குல அகலத் துணி கொள்ள வேண்டும். மடிப்புத் தையல் முற்றும் முடிந்த பின்னரே கழுத்தையும் கையையும் வெட்டுவது முறை.

துணியின் உட்புறத்தில், ஒவ்வொரு வெள்ளைப் பட்டையிலும் ஊசியால் ஒரு சிறு குத்தெடுத்து, வரிசை முழுவதும் நூலோட்ட வேண்டும். நான்கு சதுரங்களுக்கு ஒரு வரிசை போதுமானது. எல்லா வரிசை நூல்களையும் ஒருசேர இழுத்தால், அந்த 27 அங்குலத் துணி 108 மடிப்புகளாகக் கூடும். வெள்ளைப் பட்டைகள் உள்ளே ஒளிய, நிறப்பட்டைகள் மேலெழும். நூல் நுனிகளை இரண்டிரண்டாக முடிந்துகொள்ள வேண்டும்.

பின்னர் மேற்புறத்தில், பூத்தையல் நூலின் 3 இழைகளைக் கோத்து, மடிப்புகளின் நுனியை மட்டும் தொட்டுத் தைத்துச் செல்ல வேண்டும். ஆழக் குத்தினால் துணி இறுகிவிடும். கழுத்தருகே ஒரு வரிசை காம்புத் தையல் இட்டால், அது மடிப்புகளை உறுதியாகப் பிடிக்கும். அதன் கீழே அலைத்தையலும் தேனடைத் தையலும் இடலாம். நன்றாக விரிந்து கொடுப்பவை அவையே. எல்லாம் முடிந்ததும் உட்புற வரிசை நூல்களை உருவிவிடலாம். இந்த மடிப்புகளின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தலாகாது. ஆவி படச் செய்தாலே போதும். சட்டையின் அடிவிளிம்பையும் மூன்று, நான்கு அங்குலம் உள்ளே மடித்து வைத்தால், பிள்ளை உயர உயரப் பிரித்துவிடலாம்.

இத்தனையும் ஒரு மாலையில் முடியும் வேலையன்று. பகலெல்லாம் கொழுந்து பறித்து, கூடையை இறக்கி, அடுப்பையும் பார்த்த பின்னர் ஒரு தாய்க்குக் கிடைப்பது சிறு பொழுதே. கடைச் சட்டைகளில் இதே தோற்றத்தை இயந்திரம் இலாஸ்டிக் நூலால் நொடியில் உண்டாக்கிவிடுகின்றது. ஆனால் இலாஸ்டிக் நாளடைவில் தளரும். தளர்ந்தபின் சட்டை தொங்கும். கைத்தையலின் விரிவு துணியின் மடிப்பிலேயே இருப்பதால், துணி உள்ளவரை அதுவும் இருக்கும்.

ஆகையால், பிறருக்கு விற்கத் தைப்பவள் துணிக்கும் நூலுக்கும் மட்டும் விலை சொல்லுதல் தகாது. தான் செலவிட்ட மாலைப் பொழுதுகளையும் எண்ணியே கூலி கேட்க வேண்டும். 108 மடிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்ட விரல்களுக்கு அது உரிமையே. தன் பிள்ளைக்குத் தைப்பவளுக்கோ வேறொரு கூலி உண்டு. அக்காள் அணிந்த சட்டையைத் தங்கையும் அணிந்து வாசலில் நிற்கும் நாளில் அவள் அதைப் பெற்றுக்கொள்வாள்.