ஓரத்துப் பெஞ்சில் ஒரு பிள்ளை



உடற்கல்விப் பாடம் தொடங்குகிறது. வகுப்பே திடலுக்கு ஓடுகிறது. ஒரு பிள்ளை மட்டும் ஓரத்துப் பெஞ்சில் அமர்ந்து, மற்றவர்கள் போடும் கோல்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். "பாவம், விழுந்துவிட்டால் என்ன செய்வது?" என்ற அக்கறையில்தான் அவனை அங்கே உட்கார வைத்தார்கள். சில வேளைகளில் அப்படிக் கேட்டுக்கொள்பவர்களே பெற்றோர்தாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி வேறு விதமாகச் சொல்கிறது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே 60 நிமிடம்தான்.

பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தசைகள் இறுக்கமாக இருக்கும். அசைக்காமல் விட்டால் மூட்டுகளும் நாளடைவில் மடங்கி இறுகிவிடும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கோ தசை தளர்ந்திருக்கும். எடையும் எளிதில் கூடும். கால் வலுப்பட்டால் பேருந்தில் ஏறலாம், கழிவறைக்குத் தானே போய் வரலாம். இது சின்ன விஷயமா? இன்று 8 வயது மகனைத் தூக்கிச் செல்லும் அம்மா, அவன் 20 வயது இளைஞன் ஆன பிறகும் தூக்க முடியுமா?

சரி, ஓட முடியாத பிள்ளை எப்படி விளையாடுவான்? விளையாட்டைத்தான் மாற்ற வேண்டும். போச்சா என்று ஒரு பந்தாட்டம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சிவப்பு அல்லது நீலப் பந்தை வெள்ளைப் பந்துக்கு அருகே சேர்க்க வேண்டும். கையால் எறிய முடியாதவர் காலால் தள்ளலாம். அதுவும் இயலாதவர், உதவியாளர் பிடித்திருக்கும் சாய்தளத்தில் உருட்டி விடலாம். 1984 முதல் இது பாராலிம்பிக் விளையாட்டு. 2024ல் பாரிஸ் போட்டியில் சிங்கப்பூரின் ஜெரலின் டான் இதில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

எல்லாருக்கும் பதக்கம் தேவையில்லை. வேகமாக வரும் பந்தைப் பிடிக்க இயலாத பிள்ளைக்குப் பலூன் போதும். ஆட்டிசம் உள்ள பிள்ளை விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டால், கையசைத்துச் சைகை காட்டலாம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரைந்து மாட்டலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு உறுதியாக இருக்காது. குட்டிக்கரணம் போட வைக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரில் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டார்கள். ஆனால் நம்மவர்களில் சிலர், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பிள்ளையைப் புளோக்கின் கீழே விளையாட்டு மைதானத்துக்குக்கூட அழைத்துச் செல்வதில்லை. சிகிச்சைக்குத் தவறாமல் போகிறார்கள். ஊஞ்சலுக்குப் போகத்தான் தயக்கம்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில், எழுத்தும் கணக்கும் எப்படி என்று விசாரித்த பிறகு, "உடற்கல்வி நேரத்தில் என் பிள்ளை என்ன செய்கிறான்?" என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "உட்கார்ந்திருக்கிறான்" என்று பதில் வந்தால், உடனே எழுந்து வந்துவிடாதீர்கள்.