மடித்த ஒற்றை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், எமது அணியின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் நாங்கள் குடைக்குச் சுயசரிதை எழுதினோம். கிழிந்த செருப்புக்கு எழுதினோம். ஐந்து சதக் குற்றி கைமாறிய கதையை எழுதிப் பத்துக்கு எட்டுப் புள்ளி வாங்கினோம். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருக்கிற தோழியருக்கும் அந்தக் குடை நினைவிருக்கும். எங்களைப் பற்றியே எழுதச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அப்படிச் சொன்ன ஒருவர் அதை எப்படிச் செய்தார் என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறோம். அவர் பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து வாங்குகளில் அமர்ந்தபோது எல்லோரிடமும் ஒரே கதை இருந்தது. அதனால் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

ஆண்டு 9இல் எங்கள் தமிழ் ரீச்சர் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை இதற்கென ஒதுக்கினார். கொப்பித் தட்டுப்பாடு, ஆளுக்கு ஓர் ஒற்றைதான். வாசிக்கலாம் என்றால் ஒற்றையை விரித்துக் கொடுக்கவேண்டும். வேண்டாம் என்றால் மடித்துக் கொடுக்கலாம், அவர் திறக்கமாட்டார். முதல் நாள் அவர் தான் எழுதியதை வாசித்தார். புறப்படும்போது மாட்டை அவிழ்த்துவிட்டதையும், அது படலை வரை பின்னாலேயே வந்ததையும் எழுதியிருந்தார். வாசித்துவிட்டு அமர்ந்துவிட்டார்.

அன்று அநேகமாக எல்லோரும் மடித்தே கொடுத்தோம். அவரைச் சோதிப்பதற்கென்றே ஒருத்தி ஓரத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். (அவள் இன்று முன்வரிசையில் இருக்கிறாள்.) திங்கட்கிழமை ஒற்றைகள் திரும்பி வந்தன. பருக்கை காய்ந்து அப்படியே இருந்தது. அதற்கடுத்த வெள்ளி ஏழெட்டு ஒற்றைகள் விரிந்திருந்தன.

வாசித்தவளுக்குக் கைதட்டல் கிடையாது. கேட்டவர்கள், எந்த வரி மனதில் நின்றது என்று மட்டும் சொல்லலாம். சிவப்புப் பேனை லாச்சிக்குள் இருக்கும். றகர ரகரப் பிழைகளை ரீச்சர் அடுத்த கிழமை இலக்கணப் பாடத்தில், யாருடையவை என்று சொல்லாமல், கரும்பலகையில் திருத்துவார்.

எங்களில் சிலர் இன்று வைத்தியர்கள். வயிற்றுவலி, தலையிடி, மயக்கம் என்று சீருடையோடு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். இரத்தம், சிறுநீர், ஸ்கான் எல்லாம் சரியாக இருக்கும். அம்மா வெளியே போனபின் சிலவேளை இன்னொரு கதை வரும், சிலவேளை வராது.

1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. பல்கலைக்கழக மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதச் செய்தார்கள். தங்களை வருத்திய சம்பவத்தை உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். எழுதிய நாட்களில் அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் சிறிதென்றே தெரிகிறது. ஆகவே இதை மருந்தென்று விற்க நாங்கள் வரவில்லை. அந்த மாணவர்கள் எழுதியதை வகுப்பு முன்னால் வாசிக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். எழுதுவது ஒன்று, எழுதியதைப் பிறருக்குக் கொடுப்பது இன்னொன்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, வருகிறவர்கள் எல்லாம் பிள்ளைகளை அலை வரையச் சொன்னதை எங்களில் சிலர் முகாம்களில் நேரில் கண்டோம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அனர்த்தம் நடந்த கையோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பதில்லை. அது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதாகத் தெரியவில்லை. பிள்ளை எப்போது வாய் திறப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கவேண்டும்.

ஆசிரியைகள் கேட்பீர்கள்: ஆபத்தான விடயம் ஒன்றைப் பிள்ளை விரித்த ஒற்றையில் எழுதினால் என்ன செய்வது? அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "உனக்கு யாராவது தீங்கு செய்வதாக எழுதினாலோ, உனக்கு நீயே தீங்கு செய்ய நினைப்பதாக எழுதினாலோ நான் சும்மா இருக்கமாட்டேன், உனக்குச் சொல்லிவிட்டு உதவி தேடுவேன்" என்று. தெரிந்துகொண்டும் விரித்து வைக்கிற பிள்ளை உதவி கேட்கிறாள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, அவளோடு தனியாக அமர்கிற ஒருவர்.

நாற்பது பிள்ளைகள், முடியாத பாடத்திட்டம், சாதாரண தரப் பெறுபேறு: எல்லாம் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இருபது நிமிடம் கேட்கிறோம்.

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். நூற்றாண்டுப் போட்டிகளும் கேடயங்களும் நடக்கட்டும், இந்த எழுத்துக்கு மட்டும் பரிசு வைக்காதீர்கள். பரிசென்றால் பிள்ளை எங்களுக்குப் பிடித்த துயரத்தை எழுதத் தொடங்கிவிடுவாள். அதற்குப் பதிலாகத் தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. அட்டையில் சங்கத்தின் இலச்சினை வேண்டாம். வீட்டில் வைக்க முடியாத பிள்ளைகளுக்காக வகுப்பில் ஓர் அலுமாரி. அதற்குப் பூட்டு வேண்டும், அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.